ஊசின்னுல்லா கேக்கணும்

என் தங்கை இசக்கிச்செல்வி எதையெல்லாம் ஜெயித்தாள் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்தும் நர்சிங் கல்லூரியில் நான்கு வருஷம் தாக்குப்பிடித்தாள். ஊசியைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும் பிள்ளை, நடுங்காமல் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். "ஊரான் புண்ணைத் தொடைக்கவா பிள்ளை பெத்தேன்" என்று கேட்ட எங்கள் அப்பாவுக்கு, மண்வெட்டி பட்ட காலில் அவளே கட்டுப்போட்டு வாயடைத்தாள். ஃபார்மகாலஜி என்கிற மருந்துப் பாடத்தில் முதல் தடவை தோற்று, அடுத்த தடவை நல்ல மார்க்கோடு தேறினாள்.

இதெல்லாம் கூடச் சின்ன விஷயம். ‘மருந்து’ என்ற ஒரு தமிழ்ச் சொல் அவளைக் குப்புறத் தள்ளியது. ஒரு மனுஷர் சாகப் பார்த்தார். இனி நர்ஸ் வேலையே வேண்டாம் என்று செல்வி வீட்டோடு இருந்துவிட்டாள். திரும்பிப் போவாளா மாட்டாளா என்று நாங்கள் அந்த ஐப்பசி முழுக்கத் தெரியாமல் இருந்தோம். அவள் போனாள். அதுதான் நான் சொல்லும் ஜெயிப்பு.

நான் அவளுக்கு அக்கா, பொன்மணி. எட்டாம் வகுப்பு வரை படித்தேன். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி பார்த்து அடுக்கும் வேலை. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். செல்வி கல்லூரியில் சேர்ந்த புதிதில் சென்னைப் பிள்ளை ஒன்று, "உங்க அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டிருக்கிறது. "ஆபீஸ்ல வேலை" என்றிருக்கிறாள் இவள். "எந்த டிபார்ட்மென்ட்?" என்று அது கேட்க, "அடுக்குற டிபார்ட்மென்ட்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். சாயங்காலம் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை ‘ஆபீசரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்.

எங்கள் ஊர் எட்டயபுரம் போகிற வழியில் ரோட்டை விட்டு உள்ளே இருக்கிறது. அப்பா கொம்பையாவுக்கு மானாவாரிக் கரிசல் நிலம் கொஞ்சம் உண்டு. உளுந்தும் கம்பும் போடுவார், மழை நம்பிக்கை கொடுத்தால் பருத்தி போடுவார். எனக்கும் செல்விக்கும் இடையில் பதிமூன்று வயது. அவளுக்கு நடை பழக்கியது நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நான். நான் கல்யாணமாகிப் போனது அடுத்த தெருவுக்குத்தான். அதனால் அவள் படிப்பு அப்பா வீட்டில் பாதியும் என் வீட்டில் பாதியுமாக நடந்தது.

மருந்து என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு மருந்து என்றால் டாக்டர் கொடுப்பது. எங்களுக்கு அப்படியில்லை. ஆபீஸில் மருந்து என்றால் குச்சி முனையில் முக்குகிற கலவை. மருந்து அறை உண்டு. ‘மருந்து முக்குறவர்’ என்று அங்கே நிற்கும் ஆளுக்குப் பெயர். காட்டில் மருந்து என்றால் பருத்திப் புழுவுக்கு அடிப்பது. "அப்பா எங்கட்டி?" என்று கேட்டால் "மருந்தடிக்கப் போயிருக்காவ" என்போம். மருந்து குடித்தேன் என்று எங்கள் ஊரில் வாய்தவறியும் யாரும் சொல்லமாட்டார்கள், கேட்டவர்கள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிடுவார்கள். டாக்டர் கொடுப்பதை மாத்திரை என்போம், ஊசி என்போம், டானிக் என்போம். பொதுவாக ஒரு சொல் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

செல்வி இரண்டாம் வருஷம் போனபோது அந்த ஃபார்மகாலஜி பாடம் வந்தது. தலையணை மாதிரி ஒரு புத்தகம். அதில் ஆன்டிபயாட்டிக் என்கிற பகுதிதான் அவளை அழவைத்தது. கிருமியைக் கொல்லும் மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத பெயர். எது எந்தக் கிருமிக்கு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, எதனோடு கொடுக்கக்கூடாது, கொடுத்தபின் என்ன பார்க்க வேண்டும் என்று பத்தி பத்தியாக ஆங்கிலம். மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனாள். பரீட்சையில் ஒரு வரி மறந்ததும் அதன்பின் வந்த எல்லாம் மறந்துபோயிற்று. ஃபெயில்.

அடுத்த பரீட்சைக்கு அவள் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். நான் வேலை முடிந்து வந்து உலை வைப்பேன். அவள் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "கேளுக்கா" என்பாள்.

"எனக்கு என்னட்டி தெரியும் இதுல?"

"எழுத்துக் கூட்டிக் கேளு. நான் பதில் சொல்லுதேன். சரியான்னு அடியில உள்ள வரியப் பாரு."

ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் புத்தகம். வி, ஏ, என், சி, ஓ என்று நான் கூட்டுவதற்குள் பருப்பு அடிப்பிடித்துவிடும். ஒரு நாள் எரிச்சலில், "இதென்னட்டி, நம்ம சொந்தக்காரங்க பேருன்னா மனசுல நிக்கும், இதுல ஒண்ணும் நிக்க மாட்டேங்கு" என்றேன். இதைச் சொன்னது நான் என்பதே எனக்கு மறந்துவிட்டது, அவள்தான் பிறகு ஞாபகப்படுத்தினாள். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு மருந்தையும் உறவுமுறைக்குள் கொண்டுவந்தாள்.

வான்கோமைசின் பெரியப்பா ஆனார். "மெதுவா வந்தாத்தான் மரியாதை. ஒரு மணி நேரமாவது சொட்டுச் சொட்டா ஏத்தணும். அவசரப்படுத்துனா முகமெல்லாம் செவந்துரும்." எங்கள் பெரியப்பாவும் அப்படித்தான். ஆனால் இங்கே சிவப்பது நோயாளியின் முகம். ஜென்டாமைசின் மாமா. "நல்ல மனுசன், வந்த வேலைய முடிச்சிருவாரு. ஆனா போகும்போது காதத் திருகிட்டுப் போயிருவாரு, கிட்னியையும் ஒரு கண்ணு பாத்துக்கிடணும்." காது மந்தமாகலாம் என்பதுதான் அந்தத் திருகல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும், விழுங்கியவரை உடனே படுக்க விடக்கூடாது, படுத்தால் தொண்டைக்குக் கீழே தங்கிப் புண்ணாக்கிவிடும். மெட்ரோனிடசோல் சித்தப்பா, குடிகாரன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார். சாராயத்தோடு சேர்ந்தால் குடலைப் புரட்டிவிடும் என்று அர்த்தம்.

பெனிசிலினும் செஃப் என்று தொடங்குகிற மருந்துகளும் பங்காளிகள். "ஒரு வீட்டோட பகைன்னா பங்காளி வீட்டுக்குப் போகுமுன்ன யோசிக்கணும். எல்லாப் பங்காளியும் பகையாளியா இருக்கமாட்டான். ஆனா கேக்காமப் போகக்கூடாது" என்றாள். பெனிசிலின் உடம்புக்கு ஆகாதவருக்குச் செஃப் கொடுக்குமுன் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதை இப்படித்தான் நான் படித்தேன். இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரு பகுதி மட்டும் அவளுக்குப் பிடிபடாமல் இருந்தது. கிருமிகள் மருந்தை எதிர்த்து நிற்கப் பழகுவது எப்படி என்கிற பகுதி. அன்றைக்கு அப்பா என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இவள் தனக்குத்தானே புலம்புவதைக் கேட்டு, "என்னத்துக்கு முனங்குதா?" என்றார்.

"மாத்திரைய அஞ்சு நாளைக்குக் குடுத்தா ரெண்டு நாள்ல நிறுத்திப்புடுதாங்கப்பா. அப்ப கிருமி சாவாம, மருந்துக்குத் தப்பிக்கப் படிச்சிக்கிடுதாம். எப்படிப் படிக்கும்னு புரியல."

அப்பா கைச்சோற்றை வாயில் போட்டுவிட்டு, "காய்ப்புழு படிக்கலையா?" என்றார். "அந்த வருசம் ஒருத்தன் சொன்னான்னு மருந்தப் பாதியாக் கொறச்சு, தண்ணியக் கூட ஊத்தி அடிச்சேன். நோஞ்சான் புழு செத்துச்சு. தாட்டியானது தப்பிச்சுது. தப்பிச்சது போட்ட குட்டியெல்லாம் தாட்டியானதாத்தான இருக்கும்? மறு வருசம் முழு மருந்தடிச்சா, குடிச்சிட்டு ஏப்பம் விடுது. புழுவுக்கு மருந்து பழகிட்டு."

செல்வி பேனாவை எடுத்தவள் எழுதாமல் அவரையே பார்த்தாள். "அப்பா, இதத்தான் பத்துப் பக்கத்துக்கு எழுதி வச்சிருக்கான்."

"எழுதுனவன் பருத்தி போட்டிருக்கமாட்டான்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

மருந்து பழகிட்டு. பழகிவிட்டது என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். இந்த இரண்டு சொல்லும் அப்போது எங்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அவள் தேறினாள். அந்த அடுப்படி, அடிப்பிடித்த பருப்பு வாசம், பெரியப்பா மாமா என்று நாங்கள் சிரித்த சிரிப்பு, இதையெல்லாம் நினைத்தால் எனக்கு இப்போதும் அந்த வருஷங்களுக்குத் திரும்பிப் போய்விடத் தோன்றும். நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவள் இல்லை, எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்த ஒரு வருஷம் நானும் கல்லூரியில் படித்த மாதிரிதான்.

மூன்றாம் வருஷம் ஐப்பசியில்தான் அது நடந்தது. அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் பயிற்சி. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். யார் மேலும் குற்றம் சொல்ல எழுதவில்லை. பயிற்சிப் பிள்ளைகள் புதிதாக வரும் நோயாளியிடம் விவரம் கேட்டுத் தாளில் எழுத வேண்டும். எழுத்து பிள்ளைகளுடையது, கையெழுத்து அந்த நேரத்து ஸ்டாஃப் நர்சுடையது. பொறுப்பு கையெழுத்துப் போட்டவருக்கு. அன்றைக்கு ஸ்டாஃப் நர்ஸ் வள்ளிமயில் சிஸ்டர்.

மாரிச்சாமி என்பவர் காலில் புண் பழுத்து வந்திருந்தார். வேறொரு ஆபீஸில் மருந்து முக்குறவர். ஐம்பது வயதிருக்கும். நல்ல பேச்சுக்காரர். இவள் ஊரைக் கேட்டார், அக்கா எந்த ஆபீஸ் என்று கேட்டார். "நம்ம ஆளுதான்" என்றார். இவளுக்கும் சொந்த ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம். தாளில் ஒவ்வாமை என்கிற கட்டம் வந்ததும், "அண்ணாச்சி, உங்களுக்கு மருந்து எதுவும் ஒத்துக்காதா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தாராம். "இருவது வருசமா மருந்துலதான் தாயி நிக்கேன். எனக்குன்னா மருந்து பழகிட்டு. ஒண்ணும் செய்யாது."

செல்வி ‘ஒவ்வாமை இல்லை’ என்று எழுதினாள்.

டாக்டர் பெனிசிலின் வகை ஊசி ஒன்று எழுதியிருந்தார். முதலில் முன்கையில் தோலுக்கடியில் துளியளவு போட்டுப் பார்ப்பார்கள், டெஸ்ட் டோஸ் என்று. கொசுக்கடி அளவு. அவருக்கு அந்தக் கொசுக்கடி அளவே போதுமாக இருந்தது. கை தடித்தது, கழுத்து தடித்தது, குரல் கம்மியது. "தொண்டைய யாரோ பிடிக்காங்க தாயி" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டார். வள்ளிமயில் சிஸ்டர் ஓடிவந்து தொடையில் ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசி போட்டார். டாக்டர் வந்தார், ஆக்சிஜன் வைத்தார்கள், சலைன் ஓடியது. அவர் பிழைத்தார்.

சாயங்காலம் அவர் மனைவி வெயிலம்மாள் வந்தார். சண்டை போடவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டாராம். "ஏன் தாயி, சின்ன வயசுல முள்ளுக் குத்தி ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடிச்சு, செத்துப் பொழைச்சவியல்லா இவிய. எங்க ஊருக்கே தெரியுமே. நீ கேக்கலையா?"

"கேட்டேன்க்கா. மருந்து ஒத்துக்காதான்னு கேட்டேன்."

"மருந்துன்னு கேட்டா அவிய ஆபீஸ் மருந்தத்தான சொல்லுவாவ. ஊசின்னுல்லா கேக்கணும்."

செல்வி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கல்லூரியில் கூப்பிட்டு விசாரித்தார்கள், எச்சரித்து எழுதி வாங்கினார்கள். நீக்கவில்லை. வரச்சொல்லித்தான் சொன்னார்கள். இவள்தான் போகமாட்டேன் என்றாள்.

"வேற ஊருப் பிள்ளை அப்படிக் கேட்டிருந்தா மன்னிப்பு உண்டுக்கா" என்றாள் என்னிடம். "நான் மருந்து வாசத்துல பொறந்தவ. எனக்குத் தெரியாதா அந்தச் சொல்லு? அங்கன போயி நின்னு, வெள்ளை உடுப்பப் போட்டதும் எனக்கு நம்ம ஊரு பேச்சு மறந்துபோச்சு."

அப்பா முன்பு வேண்டாம் என்றவர்தான். இப்போது அவள் வேண்டாம் என்றதும் முகம் தொங்கிவிட்டது. "மழை வேற விடாமப் பெய்யுது" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் சும்மா இருக்கமாட்டேன் என்று என்னோடு ஆபீசுக்கு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடுக்கினாள். கை வேகம் உண்டு அவளுக்கு. ஆனால் குச்சி குறைந்த பெட்டியைப் பார்த்தால் விடமாட்டாள், ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பாள். மேஸ்திரி பூவனலிங்கம், "ஏட்டி நர்சம்மா, குச்சிக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பாக்க?" என்று கேலி பண்ணுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்கும்போது அவள் கண் எங்கேயோ இருக்கும். படித்த பிள்ளையை என் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கவா அடுப்படியில் அத்தனை பாடுபட்டோம் என்று இருக்கும். ஆனால் போ என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தொண்டை அடைத்துத் தன் கையைப் பிடித்ததைப் பார்த்தவள் அவள். நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காவலாளி வந்து, "நர்சம்மாவத் தேடி ஆளு வந்திருக்கு" என்றார். ஆபீஸ் வாசலுக்கு வெளியே மாரிச்சாமியும் வெயிலம்மாளும் நின்றார்கள், அக்கா எந்த ஆபீஸ் என்று அவர் அன்றே கேட்டு வைத்திருந்தாரே. அவர் காலில் செருப்பு முழுக்கக் கரிசல் அப்பியிருந்தது. செல்வி என் பின்னால் ஒதுங்கினாள். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நானும் நினைத்தேன்.

"ஏ தாயி, அந்தக் கழுத ஊசிக்குப் பேரு என்ன?" என்றார் அவர்.

செல்வி விழித்தாள்.

"பல்வலின்னு போன வாரம் ஒரு டாக்டர்ட்டப் போனேன். அங்க ஒரு பிள்ளை, எது அலர்ஜின்னு கேட்டுது. பென்சில்னு சொன்னேன். அது சிரிக்கி. ‘பேனா ஒத்துக்குமா தாத்தா’ன்னு கேக்கு."

வெயிலம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "நான் கூடப் போனதால ஆச்சு. ஊசியே வேண்டாம்னு இழுத்துட்டு வந்துட்டேன். ஆஸ்பத்திரில குடுத்த சீட்டுல இங்கிலீசுல இருக்குதாம். அதப் பத்திரமாப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்காவ. இவிய வேலை பாக்குற இடத்துல மயங்கி விழுந்தா பெட்டியத் தொறந்து யாரு படிக்க?"

செல்வி அப்போதுதான் முன்னால் வந்தாள். "பென்சில் இல்ல அண்ணாச்சி. பெனிசிலின்."

"பெனி..."

"பொன்னி அரிசி தெரியும்லா? பொன்னிக்குத் தம்பி பெனி. பெனிசிலின்."

"பெனிசிலி."

"ன்."

"பெனிசிலின்." அவர் மனைவியைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்போம்." வெயிலம்மாள் ஒரே தடவையில் சொல்லிவிட்டார். "இவளுக்கு எல்லாம் வாய்ல நிக்கும்" என்றார் அவர், குறையாகவும் பெருமையாகவும்.

நான் உள்ளே போய் அச்சடிக்காத லேபிள் தாள் ஒன்றை எடுத்துவந்தேன். செல்வி அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதினாள்: எனக்குப் பெனிசிலின் ஊசியும் மாத்திரையும் ஆகாது. அதன் பங்காளி மருந்துகளையும் டாக்டரிடம் கேட்காமல் தரக்கூடாது. பிறகு ‘பங்காளி’யை அடித்துவிட்டு ‘செஃப்’ என்று எழுதினாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைக்கப் போனார். "மருந்து அறைக்குள்ள சட்டையக் கழத்திருவீங்கல்லா. போனுக்குப் பின்னால ஒட்டுங்க" என்றாள். அங்கேயே ஆபீஸ் பசையை எடுத்து ஒட்டினோம்.

போகும்போது வெயிலம்மாள் நின்று கேட்டார். "நீ எப்பத் திரும்பப் போற?"

"போகலக்கா. நான் கேட்ட கேள்வியாலதான..."

"கேக்கத் தெரியாமக் கேட்ட. இப்பத் தெரிஞ்சிருக்கும்லா? தெரிஞ்சவ இங்கன குச்சி அடுக்குதா. பென்சிலுக்குச் சிரிக்கவ அங்கன இருக்கா. நல்லாத்தான் இருக்கு." அவர் கோபமாகச் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கணவர் பின்னால் நடந்தார்.

மேஸ்திரி மணி அடித்தார். செல்வி வந்து உட்கார்ந்தாள். நாலைந்து பெட்டி அடுக்கியிருப்பாள். "அக்கா, அந்தப் பிள்ளை சிரிச்சுதுன்னு சொன்னாவல்லா" என்றாள்.

"ஆமா."

"எனக்கு அதான் மனசுல நிக்குது."

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவள் வெள்ளை உடுப்பில் பஸ்ஸுக்கு நின்றாள். அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டு ரோடு வரை நடந்தார். சேற்றில் அவள் பாதம் படாமல் இருக்கக் கல்லைக் கல்லாகக் காட்டிக்கொண்டே போனார்.

வார்டில் அவளை எப்படிப் பார்ப்பார்களோ என்று பயந்திருக்கிறாள். வள்ளிமயில் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா? அஞ்சாம் பெட்டுக்குப் புது அட்மிஷன். போய் விவரம் கேளு" என்று தாளை நீட்டினார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் மருந்து என்ற சொல்லை நோயாளியிடம் உச்சரிப்பதில்லை. "ஊசி போட்டு எப்பவாவது தடிச்சிருக்கா? மாத்திரை முழுங்கி அரிச்சிருக்கா, மூச்சு முட்டியிருக்கா? இது இவியளுக்கு ஆகாதுன்னு வீட்டுல எதையாவது சொல்லுவாவளா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, கூட வந்தவரிடமும் திரும்பக் கேட்பாள். எழுதிய தாளில் எப்போதும் போல வேறொருவர் கையெழுத்துப் போடுவார்.

நடுவில் கொரோனா வந்து பரீட்சைகள் தள்ளிப்போயின. முடித்தாள். நர்சிங் கவுன்சிலில் பதிவு பண்ணினாள். கோவில்பட்டியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தாள்.

முதல் நாள் முதல் நோயாளி புதியம்புத்தூரிலிருந்து வந்த ராஜமணி என்கிற அம்மாள். ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் வேலை. குளிர் காய்ச்சல், சிறுநீர் கழித்தால் எரிச்சல். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் சிறுநீரைப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்பினாள், மருந்து உள்ளே போய்விட்டால் எந்தக் கிருமி என்று சரியாகத் தெரியாமல் போய்விடும். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு ஊசி எதுவும் ஆகாம இருந்திருக்கா?"

"ஊசியா?" ராஜமணி விரலை நீட்டிக் காட்டினார். நகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தழும்பு. "நாளுக்கு நாலு தடவ குத்தும். எனக்குன்னா பழகிட்டு. ஒண்ணும் செய்யாது."

செல்விக்கு ஒரு கணம் உடம்பு குளிர்ந்துவிட்டதாம். அதே வார்த்தை. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாள். ராஜமணியும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

"தையல் ஊசி இல்லக்கா. ஆஸ்பத்திரி ஊசி. மாத்திரையும்தான். முழுங்கி ஏதும் ஆயிருக்கா?"

"ஊசி ஒண்ணும் செய்யல. மாத்திரைதான். முந்தி இதே எரிச்சலுக்கு ஒருத்தர் குடுத்தாரு. ரெண்டு நாள்ல உதடெல்லாம் வெந்து, வாயெல்லாம் புண்ணு. கஞ்சி கூடக் குடிக்க முடியல."

"பேரு தெரியுமா?"

தெரியவில்லை. செல்வி விடவில்லை. வீட்டில் இருந்த மகளுக்குப் போன் போட்டுப் பழைய சீட்டைத் தேடி, படம் எடுத்து அனுப்பச் சொன்னாள். சல்ஃபா வகை மாத்திரை என்று அதில் இருந்தது. டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர், "நல்லதாப் போச்சு, அது வேண்டாம்" என்று வேறு எழுதினார். தாளில் ஒவ்வாமை என்கிற கட்டத்தில் சிவப்பு மையில் ‘சல்ஃபா, வாய்ப்புண்’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, பழக்கத்தில், கையெழுத்துக்கு யாரிடம் நீட்டுவது என்று சுற்றிலும் பார்த்திருக்கிறாள்.

பிறகுதான் ஞாபகம் வந்தது. பேனாவை நீல மைக்கு மாற்றினாள். தமிழில், சுருக்காமல், கொ. இசக்கிச்செல்வி என்று போட்டாள்.

அதற்கு முன்னால் ஹால் டிக்கெட்டிலும் பாங்கிலும் அவள் போட்டதை நான் கையெழுத்தாக எடுத்துக்கொள்வதில்லை. சாயங்காலம் வந்து அவள் சொன்னதும் நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து என் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து வைத்தேன். 2022, மார்ச் 7, திங்கட்கிழமை. மாசி 23.